விழுமியம் என்றால் விழுமா?

போன வாரம் பவித்ரா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று எழுந்து வந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். "அந்த நாற்காலி இன்னும் ஆடுதா?" என்று முதலில் கேட்டேன். "ஆடுது மேடம்" என்றாள். நிம்மதியாக இருந்தது. நான் போன மறுநாளே அதைச் சரி செய்திருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

"மேடம், ஒரு சந்தேகம். சென்னீர்குப்பம் பக்கம் ஒரு சுவருக்கு ஓவியம் வரையணும். அந்த ஏரியா பசங்களே சேர்ந்து டிசைன் பண்ணணுமாம். இப்போ கூட்டமெல்லாம் கிடையாது, போன்லயே ஓட்டுப் போடச் சொல்றாங்க. அதுக்கே நாலு சண்டை ஆயிடுச்சு. நீங்க அந்தக் காலத்துல எப்படிப் பண்ணீங்க?"

'அந்தக் காலத்தில்' என்று சொன்னதை மன்னித்துவிட்டு, "தலைப்பு என்ன?" என்று கேட்டேன்.

"பொது விழுமியங்கள்."

நான் சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். அந்தப் பக்கம் பவித்ரா, "மேடம்? மேடம்?" என்று கத்திக்கொண்டிருந்தாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். அந்தக் கதைதான் இது.

நான் சமுதாய அமைப்பாளராக வேலை பார்த்தவள். சென்னைக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டிய ஓர் உள்ளாட்சி அலுவலகம். பெயர் வேண்டாம், எனக்கு வேண்டியவர்கள் அங்கே இன்னும் வேலையில் இருக்கிறார்கள். சமுதாய அமைப்பாளர் என்றால் என்ன வேலை என்று என் மாமியார் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். சாக்கடை அடைத்துக்கொண்டால் பொறியியல் பிரிவு, குப்பை தேங்கினால் சுகாதாரப் பிரிவு, வரி என்றால் வருவாய்ப் பிரிவு. இவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துத் தெருவில் நின்று திட்டு வாங்க ஓர் ஆள் வேண்டும் இல்லையா? அதுதான் நான். மாமியாருக்கு இப்படிச் சொன்னபோது, "அதுக்கா சம்பளம் தர்றான்?" என்றார்.

பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்களை வட்டமாக உட்காரவைத்து ஒரு நூலுருண்டையைக் கொடுத்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் வீசிப் பிடிக்க வேண்டும், ஒவ்வொருவரும் நூலின் ஒரு பகுதியை விடாமல் வைத்திருக்க வேண்டும், கடைசியில் எல்லோரும் ஒரே வலையில் இணைந்திருப்போம் என்றார்கள். இணைந்தோம். சாப்பாட்டு நேரம் வந்தபோது சிக்கு எடுக்க முடியாமல் ஒருவரோடு ஒருவர் கட்டுண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கேன்டீன் அம்மா அரிவாள்மணையைக் கொண்டுவந்து அறுத்துவிட்டார். பிறகு நான் பார்த்த வேலை முழுவதும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

சுவர்கள் என் தலையில் எப்படி விழுந்தன என்று தெரியவில்லை. ஊரை அழகுபடுத்தச் சுவரில் படம் வரையலாம் என்று மேலிருந்து சொல்லும்போதெல்லாம் கோப்பு என் மேசைக்கு வந்தது. முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு சுவரில் 'மரம் வளர்ப்போம்' என்று பெரிதாக எழுதினோம். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று முன்னால் இருந்த புங்க மரத்தின் கிளைகளை யாரோ வெட்டிவிட்டுப் போனார்கள். இன்னொரு சுவரில் சிறுநீர் கழிக்காமல் இருக்கச் சாமி படம் போட்ட ஓடுகளைப் பதித்தோம். ஒரே மதம் வேண்டாம் என்று மூன்று மதத்து ஓடுகளையும் பதித்தோம். ஆண்கள் பயபக்தியோடு இடைவெளி பார்த்து நின்றார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆணையாளர் வந்தார். தமிழ் முதுகலை படித்தவர். வெள்ளைச் சட்டை, கருநீலப் பேண்ட், பையில் பச்சை மைப் பேனா. யாரையும் திட்டமாட்டார், குரலைக்கூட உயர்த்தமாட்டார். கோப்பைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் படிப்பார். பிடிக்காத ஒன்று கண்ணில் பட்டால் உதவியாளரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்பார். அரை டம்ளர் குடிப்பார், மீதியைத் தட்டு போட்டு மூடுவார், பிறகு, "இன்னொரு முறை பார்ப்போமா?" என்பார். அவர் தண்ணீர் கேட்டாலே எங்களுக்குத் தொண்டை வறளும்.

பொதுமக்கள் கொடுக்கும் மனுக்களில்கூட எழுத்துப்பிழை திருத்துவார். 'தெரு விளக்கு எரிய வில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'எரியவில்லை' என்று சேர்த்து எழுத வேண்டும் என்ற குறிப்போடு அந்த மனு கீழே வந்தது. விளக்கை யார் பார்ப்பது என்று அதில் இல்லை. ஆனாலும் நல்ல மனிதர், யார் வந்தாலும் எழுந்து நின்று பேசுவார். அதனால்தான் இன்றுவரை அவர்மேல் கோபப்பட முடிந்ததே தவிர, வெறுக்க முடியவில்லை.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். பட்டாபிராம் போகிற வழியில் தண்ணீர்த் தொட்டி வளாகத்துக்கு ஒரு நீளமான சுற்றுச்சுவர் உண்டு. அதன் ஒரு பக்கம் பழைய ஊர்த் தெரு, இன்னொரு பக்கம் பள்ளிவாசல் தெரு, எதிரே புதிதாக வந்த அடுக்குமாடி வீடுகள். மூன்று பக்கத்து இளைஞர்களும் சேர்ந்து, தங்களுக்குப் பொதுவான மதிப்புகள் என்ன என்று பேசி முடிவு செய்து, அந்தச் சுவரில் அவர்களே படம் வரைய வேண்டும். நான் தயாரித்த குறிப்பில் 'நமக்குப் பொதுவான மதிப்புகள்' என்று எழுதியிருந்தேன்.

அவர் தண்ணீர் கேட்டார்.

"மதிப்பு என்று எழுதினால் பொறியியல் பிரிவினர் மதிப்பீடு என்று நினைத்துக் கோப்பைத் தங்கள் மேசைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் அம்மா. இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது" என்று பச்சை மையில் அடித்துத் திருத்தினார். 'விழுமியங்கள்.'

"ஐயா, பசங்களுக்குப் புரியுமா?"

"புழங்கினால் புரியும்."

முதல் கூட்டம் ரேஷன் கடைக்கு அடுத்த சமுதாயக் கூடத்தில். டீயும் சமோசாவும் உண்டு என்று சொல்லியிருந்ததால் கூட்டம் இருந்தது. தலைப்பைப் படித்துவிட்டு முதலில் பேசியது டில்லிபாபு. ஊர்த் தெருப் பையன், ஐ.டி.ஐ. முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, எழுத்து வரைவதில் கெட்டிக்காரன்.

"இன்னா மேடம் இது, வாய்லயே நொழைய மாட்டேங்குது. விழு... விழு... இன்னா, உழுந்துடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பவித்ரா, இதைக் கவனித்துக்கொள். 'உன் விழுமியம் என்ன' என்று கேட்டால் எல்லோரும் ஒற்றுமை, நேர்மை, தூய்மை என்று பள்ளிக்கூடச் சுவரில் படித்ததை ஒப்பிப்பார்கள். அதற்குக் கூட்டமே வேண்டாம். நான் வேறு மாதிரி கேட்பேன். 'இந்தத் தெருவில் உனக்கு எதற்குக் கோபம் வரும்?' கோபத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. ஒருவனுக்கு எது முக்கியம் என்பது அவன் கோபத்துக்குப் பின்னால்தான் இருக்கும். சொல்கிற ஒவ்வொன்றையும் சார்ட்டில் எழுதி ஒட்டுவேன். பிறகு ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர் பொட்டு. யாருடைய கோபம் தன் கோபம் மாதிரியே இருக்கிறதோ அதன்மேல் ஒட்ட வேண்டும். ஓட்டுக்குப் பொட்டைவிட மலிவான, சண்டை வராத பொருள் நான் கண்டதில்லை.

முதலில் நசீமா எழுந்தாள். பள்ளிவாசல் தெரு, கல்லூரியில் கணக்குப் படிக்கிறவள். "பெருநாளைக்குப் பிரியாணி எடுத்துகினு ஃப்ளாட்ஸுக்குப் போனா, வாட்ச்மேன் கேட்லயே வெச்சிட்டுப் போம்மான்றாரு. நான் இன்னா பார்சலா குடுக்க வந்தேன்?"

அடுக்குமாடியிலிருந்து வந்த அபினவ் மெதுவாகச் சொன்னான். "எங்க ஃப்ளோர்ல அஞ்சு வருஷமா இருக்கோம் ஆன்ட்டி. எதிர் வீட்டு அங்கிள் பேரு தெரியாது. அவங்க வீட்டுப் பார்சல் எங்க கதவுக்கு வந்தா, அவங்க கதவுகிட்ட வெச்சிட்டு பெல் அடிச்சிட்டு ஓடி வந்துருவேன்."

அப்போது வாசலில் ஒரு குரல். "நானு ஒண்ணு சொல்லலாமா? எனக்கு வயசு தாண்டிப் பூட்ச்சி, ஆனா கோவம் கீது."

அதுதான் அமுலு. அந்தச் சுவரை ஒட்டித்தான் அவளுடைய இஸ்திரி வண்டி நிற்கும். கரிப் பெட்டிக்குக் காற்று ஆகாது, சாம்பல் பறந்து வெள்ளைத் துணியில் உட்கார்ந்துவிடும். அந்த நீளச் சுவர் காற்றை மறைத்துக்கொடுத்ததால்தான் அவள் பல வருடமாக அங்கே தொழில் நடத்தினாள். வேறு இடம் பார்க்காமலில்லை, எங்கும் சரிப்படவில்லை. யாருடைய துணியையோ கொடுக்க வந்தவள் சமோசா வாசனைக்கு எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"துணி வாங்க எதிர ஃப்ளாட்ஸாண்ட போயி நின்னா, மேல பால்கனிலருந்து துணிய மூட்டையா கட்டித் தூக்கிப் போடறாங்கோ. பொத்துனு தலை மேல உழுவுது. ஒருநாள் கார் கழுவற பக்கெட்டுல உழுந்துச்சி. கீழ எறங்கி வந்து கையில குடுத்தா கை தேஞ்சா பூடும்? நான் இன்னா நாயா, மேலருந்து பொட்டலம் போடறதுக்கு?"

அபினவ் தரையைப் பார்த்தான். அவன் வீடு முதல் மாடி. அன்று காலையில் மூட்டை போட்டது அவன்தான் என்று பிறகு என்னிடம் சொன்னான்.

பொட்டுகள் எல்லாம் ஒரே சார்ட்டில் போய்க் குவிந்தன. டில்லிபாபு அடுத்தவன் பொட்டையும் கேட்டு வாங்கி ஒட்டினான். அமுலு சொன்னதை நான் சுருக்கி எழுதிய 'கையில குடு' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் அம்மை போட்டது மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சார்ட்டை யார் வீட்டில் பத்திரமாக வைப்பது என்று கேட்டபோது நசீமா, "என்னாண்ட வாணாம் மேடம். இம்மா பொட்ட பாத்தா எங்கம்மா எனக்குக் கல்யாணமே முடிஞ்சிட்ச்சினு நெனச்சிக்கும்" என்றாள்.

விழுமியம் கிடைத்துவிட்டது. படம்தான் கிடைக்கவில்லை. கொடுக்கிற கையையும் வாங்குகிற கையையும் வரையலாம் என்றால், நம் நாட்டில் கையைத் தனியாகச் சுவரில் வரைய முடியுமா? அது தேர்தல் சின்னம் ஆகிவிடும். பின்னால் சூரியன் வரைந்தால் இன்னொரு சின்னம். ஓரத்தில் இலை போட்டால் அதுவும் சின்னம். அபினவ் கணினியில் நான்கு வரைபடம் போட்டுக் கொண்டுவந்தான், நான்கும் ஏதாவது ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்டன. படம் பிறகு முடிவாகட்டும், முதலில் சுவரைச் சுரண்டி வெள்ளை அடிப்போம் என்று முடிவு செய்தோம்.

வெள்ளை அடிக்க வேண்டுமானால் வண்டிகள் நிற்கக் கூடாது. அதற்கு ஓர் அறிவிப்பு வேண்டும். 'இந்தச் சுவரில் படம் வரையப் போகிறோம், தயவு செய்து வண்டி நிறுத்தாதீர்கள்' என்று நான் எழுதி அனுப்பினேன். ஆணையாளர் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். திருத்தப்பட்டு வந்தது. அதற்கு மேல், பெயின்ட் தெறித்தால் வழக்குப் போடுவார்கள் என்று சொல்லி உதவிப் பொறியாளரும் ஒரு வரி சேர்த்திருந்தார். அதை டில்லிபாபு சிவப்புப் பெயின்டில் தன் திறமை முழுவதையும் காட்டிச் சுவரின் நடுவில் எழுதினான்.

'இது விழுமியச் சுவர். அருகில் நிற்காதீர். வாகனங்களை நிறுத்தாதீர். மீறினால் ஏற்படும் விளைவுகளுக்கு நிர்வாகம் பொறுப்பாகாது.'

நீயே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் போய்விட்டன. 'விழும்' என்பதைத்தான் அரசாங்கத்தார் வழக்கம்போல் தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. யாரோ படம் எடுத்து, "சுவரு உழப்போவுது, குழந்தைங்கள அந்தப் பக்கம் உடாதீங்க" என்று குரல் பதிவும் சேர்த்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மழைக்காலத்தில் எங்கெங்கோ சுவர் விழுந்த செய்தி படித்தவர்கள்தானே எல்லோரும், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இதில் ஒரு நன்மையும் நடந்தது. அந்தச் சுவரில் சிறுநீர் கழிக்க ஒருவரும் வரவில்லை. குப்பைக் கவர் ஒன்றுகூட விழவில்லை. சுகாதாரப் பிரிவு மேற்பார்வையாளர் என் மேசைக்கே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். மூன்று மதத்து ஓடுகளால் முடியாததை ஒரு நல்ல தமிழ்ச் சொல் முடித்துவிட்டது.

ஆனால் அமுலுவிடமும் ஒருவரும் வரவில்லை. எதிரே அடுக்குமாடிக்காரர்கள் பால்கனியிலிருந்து மூட்டை போடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். அவள் வண்டியைத் தெருமுக்கில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திப் பார்த்தாள். லாரிப் புழுதியும் காற்றும் சேர்ந்து ஒரே நாளில் இரண்டு வெள்ளை வேட்டி கெட்டன. திரும்பச் சுவருக்கே வந்து, தனியாக, அணைந்த பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

நான் போனபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கூட்டத்துல கையில குடுக்கணும்னு நான் பேசினா கை தட்னீங்கோ. இப்ப என் பொயப்புல மண்ண வாரிப் போட்டுக்கீறீங்கோ. நல்லா கீது மேடம் உங்க மருவாதி."

"அமுலு, அதுக்கு அர்த்தம் வேற."

"இன்னாவா இருந்தா இன்னா? ஊருக்கு இன்னா பிரிஞ்சிதோ அதான அர்த்தம்?"

அன்று சாயங்காலம் அறிவிப்பை அழித்துவிடலாம் என்று டில்லிபாபுவைக் கூப்பிட நினைத்தேன். அதற்குள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து மனு வந்துவிட்டது. 'விழும் நிலையில் உள்ள சுவரை உடனே இடித்து, அவ்விடத்தை வாகன நிறுத்தமாக மாற்றித் தர வேண்டுகிறோம்.' கையெழுத்துகள் அடுத்த பக்கத்திலும் தொடர்ந்தன. கோப்பு எந்த மேசைக்குப் போகக் கூடாது என்று ஆணையாளர் சொல்லை மாற்றினாரோ, நேராக அதே மேசைக்குப் போனது.

உதவிப் பொறியாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர். 'எதுக்கும்' என்பது அவருடைய சொல். வெயில் அடித்தாலும் எதுக்கும் குடை எடுத்து வருவார். "சுவர் நல்லா இருக்கு சார், நீங்களே வந்து பாருங்க" என்று நான் சொன்னதற்கு, "மேடம், சுவரை இடிச்சதுக்கு யாருக்கும் மெமோ வந்தது கிடையாது. தானா விழுந்தாதான் வரும். எதுக்கும் இடிச்சிடலாம்" என்றார். 'பொருள்: விழும் சுவர்' என்று தலைப்பிட்டு இடிப்பதற்கான குறிப்பும் எழுதிவிட்டார். ஆணையாளர் கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரம் ஜேசிபி வரும். நானும் விடவில்லை. கையெழுத்துக்கு முன் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆணையாளர் அறை வாசலிலேயே நின்றேன். எழுந்து நின்று கேட்டவர், வருகிறேன் என்றார்.

விஷயம் தெரிந்து இளைஞர்கள் எல்லோரும் காலையிலேயே சுவரிடம் வந்துவிட்டார்கள். சும்மா நிற்கத் தெரியாமல், இடிக்கப்போகிற சுவருக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கினார்கள். "இன்னாடா பண்றீங்க, இடிக்கிற சுவருக்கு?" என்று கேட்டேன். "உட்ருவமா மேடம்? வெள்ளையா இருந்தா இடிக்க மனசு வராதுல்ல" என்றான் டில்லிபாபு. சிவப்பு அறிவிப்பை மட்டும், அலுவலக உத்தரவு என்பதால், தொடாமல் விட்டிருந்தார்கள்.

உதவிப் பொறியாளர் கொத்தனாரோடு வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். நூல் சுவரை ஒட்டி நேராக இறங்கியது. சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கணீரென்றது. "நேராத்தான் இருக்கு" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "இருந்தாலும் எதுக்கும்..."

ஆணையாளரின் ஜீப் வந்தது. ஊர் எதிர்ச் சாரியில் பத்திரமாக நின்றது. சாலையைத் தாண்டி ஒருவரும் வரவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், வகுப்பெடுப்பதுபோல் தொடங்கினார்.

"விழுமியம் என்றால் விழுவது என்று பொருள் அன்று. விழுமியது என்றால் சிறந்தது, மேன்மையானது..."

அமுலு இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ஒசந்ததா சார்?"

"ஆமாம் அம்மா. உயர்ந்தது."

"ஒசந்ததுன்னா ஒசந்ததுன்னு எழுதறது. இன்னாத்துக்கு சார் அத்த உழ உட்டீங்க?"

ஆணையாளர் பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் திரும்பித் தண்ணீருக்குக் கை நீட்டினார். நடுத்தெருவில் டம்ளர் இல்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"சர்தான் சார், சுவரு உழாதுன்னு சொல்றீங்க. நான் நம்பறேன். ஆனா எனக்குத் துணி குடுக்கறவங்கோ நம்பணும்ல? நீங்க இன்னா பேசினாலும் அவுங்க நம்ப மாட்டாங்கோ. எங்க, போயி முதுகு குடுத்து சாஞ்சு நில்லுங்க பாப்போம். நீங்க சாஞ்சா ஊரே சாயும்."

ஓர் ஆணையாளரிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "சார், எதுக்கும்..." என்று உதவிப் பொறியாளர் தொடங்கினார். ஆணையாளர் அவரைப் பார்த்தார், கையிலிருந்த கோப்பைப் பார்த்தார், சிவப்பு எழுத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, நேராக நடந்து போய், அப்போதுதான் வெள்ளை அடித்த ஈரச் சுவரில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு விரைவு ரயில் தடதடவென்று போயிற்று. தரை அதிர்ந்தது. உதவிப் பொறியாளர் பின்வாங்கிச் சாலை நடுவுக்கே வந்துவிட்டார். ஆணையாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ரயில் போய்விட்டது. சுவர் அப்படியே நின்றது, அவரும் நின்றார்.

"அசையாதீங்க சார்!" என்று டில்லிபாபு ஓடினான். அமுலுவின் வண்டியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, ஆணையாளரின் தலையிலிருந்து தொடங்கி ஓரத்தோடு கோடு இழுத்துக்கொண்டே வந்தான்.

"என்ன செய்கிறாய் தம்பி?"

"சார், அந்தக் கைய கொஞ்சம் நீட்டுங்க. யாராண்டயோ இன்னாவோ வாங்கற மாதிரி. அப்டிக்கா... அப்டிக்கா... சூப்பர் சார்."

அவர் நீட்டினார். கோடு முடிந்ததும் விலகி வந்தார். சுவரில் ஓர் ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றான். கை இருந்தது, ஆனால் ஆளோடு இருந்தது. எந்தக் கட்சியும் சொந்தம் கொண்டாட முடியாத கை.

"படம் கெட்ச்சிட்ச்சி!" என்று நசீமா கத்தினாள்.

அடுத்து அமுலு போய்ச் சாய்ந்தாள், ஆணையாளரின் நீட்டிய கையில் துணி மடிப்பைக் கொடுப்பதுபோல். பிறகு எதிர்ச் சாரியிலிருந்து முதல் ஷேர் ஆட்டோ டிரைவர் வந்தார். அடுக்குமாடி வாட்ச்மேன் வந்தார். அவர் நசீமாவிடமிருந்து தட்டை வாங்குகிற மாதிரி கோடு போட்டார்கள், வெட்கத்தோடு நின்றார். அபினவ் தன் எதிர் வீட்டு அங்கிளையே இழுத்து வந்துவிட்டான், பெயரைக் கேட்டுக்கொண்டுதான். என்னையும் விடவில்லை. கடைசியாக உதவிப் பொறியாளர், ஒரு காலை முன்னால் வைத்து, எதுக்கும் பாதி முதுகு மட்டும் சாய்ந்தார்.

"இம்மா நல்லா தேச்ச சட்ட சார் அது" என்று ஆணையாளரின் முதுகைப் பார்த்து அமுலு வருத்தப்பட்டாள். வெள்ளைச் சட்டையில் ஒன்றும் தெரியவில்லை. கருநீலப் பேண்ட்தான் பாவம்.

சுவர் பிழைத்தது, கோப்பு பிழைக்க வேண்டுமே. 'விழும் சுவர்' என்று தலைப்புப் போட்டு எண் கொடுத்தாகிவிட்டது, இனி எப்படி மூடுவது என்று உதவிப் பொறியாளர் கையைப் பிசைந்தார். சுவரிலும் சிவப்பு எழுத்து நிற்கிறது. தன் சொல்லை அழிக்கச் சொல்ல ஆணையாளருக்கும் மனம் வரவில்லை. அப்போது நசீமா சொன்னாள்.

"சார், 'நிற்காதீர்', 'நிறுத்தாதீர்'லாம் போவட்டும், தலைப்புல ரொம்ப அழிக்க வாணாம். 'ழுமிய' மட்டும் அழிச்சிட்டு 'ழா' போட்டா போதும். அந்த 'ச்' அப்டியே இருக்கட்டும். விழாச் சுவர்."

ஆணையாளர் என் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்! விழாத சுவர், விழாச் சுவர்! 'ச்' என்ற ஒற்றும் மிகுந்திருக்கிறது! உனக்குத் தமிழ் யார் அம்மா சொல்லிக்கொடுத்தது?"

நசீமா விழித்தாள். "அதெல்லாம் தெரியாது சார். தெறப்பு விழா வெப்பீங்கல்ல, சமோசா தருவீங்க... அந்த விழா."

அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜீப்பின் பானெட்மேல் கோப்பை வைத்து, 'விழும் சுவர்' என்பதைப் பச்சை மையில் அடித்து 'விழாச் சுவர்' என்று எழுதினார். பக்கத்தில், 'எழுத்துப்பிழை திருத்தப்பட்டது. மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஓர் ஊரே பயந்து ஓடியது, ஒருத்தியின் பிழைப்பு போக இருந்தது, எல்லாம் கடைசியில் ஓர் எழுத்துப்பிழையாக முடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்ணாம்பு நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

படங்களுக்குக் கீழே 'கையில குடு' என்று டில்லிபாபு எழுதினான். "கையில் கொடு" என்று ஆணையாளர் மெல்லச் சொன்னார். "வாணாம் சார்" என்றான் அவன். அவர் பச்சை மைப் பேனாவைப் பையில் செருகிக்கொண்டார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். சுவர் விழாது என்று உறுதியானதும் முதலில் திரும்பி வந்தது சிறுநீர் கழிக்கிறவர்கள். அதற்கும் இளைஞர்களே வழி செய்தார்கள். அந்த ஓரத்தில் அமுலுவின் உருவத்தை இன்னொரு தடவை வரைந்தார்கள், இடுப்பளவு உயரத்தில் கனல் தெரிகிற இஸ்திரிப் பெட்டியை நீட்டிக்கொண்டு. ஆண்கள் பார்த்ததும் புரிந்துகொள்கிறார்கள். அபினவ் இப்போது கீழே இறங்கி வந்து துணி கொடுக்கிறான். அவன் அம்மா இன்னும் மேலிருந்துதான், ஆனால் மூட்டையை வீசாமல் கயிறு கட்டிய கூடையில் இறக்குகிறார். "பரவால்ல மேடம், பாதி மருவாதி வந்துட்ச்சி" என்கிறாள் அமுலு.

எனவே பவித்ரா, போனில் ஓட்டு எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைப்பை மட்டும் சுவரில் எழுதுவதற்கு முன் ஓர் ஆட்டோக்காரரிடம் படித்துக் காட்டு.

உன் போன் வந்த மறுநாள் நான் அங்கே போனேன். ஷேர் ஆட்டோவில், "விழாச் சுவரு எறங்கு!" என்று டிரைவர் கத்தினார். ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது. அமுலுவிடம் துணியைக் கையில் கொடுத்துவிட்டு, என் உருவம் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, அதில் முதுகைக் கொடுத்து நின்று பார்த்தேன். ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு பக்கமும் நான் வெளியே வழிந்துகொண்டிருந்தேன்.

அமுலு பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாத்து சாயி மேடம்" என்றாள். "இப்பதான் மெய்யாலுமே உழுந்துடப் போவுது."